ஜெராக்ஸ் கடைப் படிப்பு

அன்புள்ள ஐயா,

கடலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு படிக்கிறேன். ஹீட் டிரான்ஸ்ஃபர் (வெப்பப் பரிமாற்றம்) எடுக்கும் சார் பிபிடியைப் போட்டு வரிவரியாக வாசிக்கிறார். சந்தேகம் கேட்டால் "அது யுனிவர்சிட்டில வராது" என்கிறார். மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் போட்ட பழைய வினாத்தாள் கட்டை வைத்துத்தான் அரியர் இல்லாமல் வந்திருக்கிறேன். படிக்காமலே பாஸாகிறோமோ என்று உறுத்துகிறது.

ஒரு மாணவர், கடலூர்

அன்புள்ள தம்பி,

உறுத்த வேண்டியது பிபிடி வாசித்துச் சம்பளம் வாங்குபவருக்கு. அண்ணா பல்கலைக்கழகத் தாளில் யூனிட்டுக்கு ஒரு 13 மார்க் கேள்வி, அதிலும் இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். கேள்விகள் திரும்ப வராமல் என்ன செய்யும்? பழைய தாளைப் பார்க்காமல் போகிறவர்தான் ஏமாளி.

ஆனால் கட்டில் விடையையும் சேர்த்து விற்கிறார்களே, அதோடுதான் எனக்குச் சண்டை. உங்கள் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம். 2 மி.மீ. ஆரமுள்ள சூடான கம்பிக்கு உறை போட்டால் வெப்ப இழப்பு குறையும் என்றுதானே நினைப்போம்? உறையின் கே (வெப்பத்தைக் கடத்தும் திறன்) 0.15, காற்றின் எச் (பரப்பிலிருந்து காற்று வெப்பத்தை வாங்கும் திறன்) 10 என்று எஸ்ஐ அலகில் வையுங்கள். கிரிட்டிக்கல் ரேடியஸ் கே/எச், 0.015 மீட்டர், அதாவது 15 மி.மீ. வெளி ஆரம் அதைத் தொடும்வரை உறை தடிக்கத் தடிக்க இழப்பு கூடிக்கொண்டே போகும். உறை தடுப்பதைவிட, பெருகும் வெளிப்பரப்பு வெப்பத்தை அதிகம் கொட்டிவிடுகிறது. விடையை உருப்போட்டவரும் கேயை எச்சால் வகுத்து மார்க் வாங்கிவிடுவார். இந்த வேடிக்கை மட்டும் அவர் கண்ணில் படாது.

விடையை மூடிவிட்டு, டேட்டா புக்கோடு (சூத்திரமும் அட்டவணையும் உள்ள கையேடு) உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். மாட்டிக்கொள்கிற இடத்துக்கு மட்டும் பாடப்புத்தகம், அதுவும் புரியாவிட்டால் ஐஐடி ஆசிரியர்கள் எடுக்கும் என்பிடெல் வகுப்பு, யூடியூபில் இலவசம்தான். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 5 நிமிடத்தில் தேர்வு வைத்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். முதல் நாள் ராத்திரிப் படிப்பு ஏன் பாஸ் போடவைக்கிறது, ஏன் அடுத்த செமஸ்டரில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

அப்புறம், கட்டு வாங்கும்போது ரெகுலேஷனை, அதாவது எந்த ஆண்டுப் பாடத்திட்டத்துக்கான தாள் என்பதை, பாருங்கள். 16 மார்க் கேள்வி கண்ணில் பட்டால் அது 2017க்கு முந்தைய ரெகுலேஷன் தாள். உங்கள் சிலபஸோடு ஒப்பிட்ட பிறகே அதைத் தொடுங்கள். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் பைண்ட் செய்திருப்பார்.