முனம்பத்துப் பழைய படகு: அந்த ஐந்து சதவீதம் யாருக்கு?

கேள்வி: எங்கள் ஊர் குமரி மாவட்டத்து வள்ளவிளை. நானும் அத்தை மகன்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேரளத்தின் முனம்பத்தில் 60 அடித் தூண்டில் படகு ஒன்றை 22 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறோம். விற்பவரும் எங்களைப் போலக் கடலுக்குப் போகிறவர். புரோக்கர், "ஜிஎஸ்டி ஐந்து சதவீதம், 1,10,000 ரூபாய். ரொக்கமாக என்னிடம் தந்துவிடுங்கள், நான் கட்டிவிடுகிறேன். எல்லை வரி தனி, ரிஜிஸ்தர் ஆபீஸ் செலவு தனி" என்கிறார். பெயரை இப்போது மாற்ற வேண்டாம், கேரள நம்பரிலேயே ஓட்டலாம் என்றும் சொல்கிறார். தேங்காய்ப்பட்டணத்தில் வைத்துத் தொழில் செய்ய நினைக்கிறோம். இது சரியா?

பதில்: அந்த 1,10,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

விற்பவர் தன் படகில் தொழில் செய்துவந்த மீனவர். ஜிஎஸ்டி பதிவு எண் அவரிடம் இருக்காது. பதிவு எண் இல்லாத ஒருவர், வரி என்ற பெயரில் யாரிடமிருந்தும் ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 32வது பிரிவு இதை நேராகவே சொல்கிறது. விற்பவராலேயே வாங்க முடியாத வரியைப் புரோக்கர் எப்படி வாங்குவார்? வாங்கி எந்தக் கணக்கில் கட்டுவார்? ரசீது கேளுங்கள். ரசீது வராது, ஏனென்றால் கட்டுவதற்கு ஓர் இடமே இல்லை.

ஐந்து சதவீதம் என்ற எண் மட்டும் உண்மையானது. மீன்பிடிப் படகுக்கு ஜிஎஸ்டி விகிதம் அதுதான். புதிய படகைக் கட்டித்தரும் யார்டு அந்த வரியைப் போட்டுத்தான் பில் தரும். உண்மையான எண்ணை எடுத்துப் பொய்யான இடத்தில் ஒட்டுவது இந்த ஆட்களின் பழைய வழக்கம். எண் சரியாக இருப்பதால் படித்த பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள்.

எல்லை வரி என்று ஒன்று இன்று கிடையாது. கேரள எல்லையில், அமரவிளையில் வணிகவரி செக்போஸ்ட் முன்னால் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததோடு அந்த வசூல் முடிந்தது. அந்த நினைவை வைத்துத்தான் இன்னும் காசு பறிக்கிறார்கள். உங்கள் படகு கடல் வழியாக வரப்போகிறது. கடலோரக் காவல் படையோ மெரைன் போலீஸோ வழியில் நிறுத்தினால் கேட்பது வரி ரசீதை அல்ல. பதிவுச் சான்று, விற்பனைக் கடிதம், படகில் இருப்பவர்களின் அடையாள அட்டை ஆகியவற்றைத்தான். அவற்றை அசலாக எடுத்துச் செல்லுங்கள்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் செலவும் அப்படித்தான். 'பதிவு' என்ற ஒரே சொல் இரண்டு இடத்தில் வருவதால் ஏற்படும் குழப்பம் இது. வீடும் நிலமும் போகிற சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் படகு போக வேண்டியதில்லை. படகு அசையும் சொத்து. முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம் போதும். உண்மையான பதிவு நடப்பது மீன்வளத் துறையில்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நல்லவர்களும் தவறிவிடுகிறார்கள். கொச்சி, முனம்பம் பக்கத்தில் படகு வைத்திருப்பவர்களில் சிலர் ஐஸ் பிளாண்ட் நடத்துவார்கள், மீன் ஏற்றுமதி செய்வார்கள். அவர்களுக்கு ஜிஎஸ்டி எண் இருக்கும். படகும் அந்த வியாபாரக் கணக்கில் ஒரு சொத்தாக இருந்தால், அவர் விற்கும்போது வரி உண்டு. பழைய படகுகளை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் பதிவுபெற்ற வியாபாரியிடம் வாங்கினாலும் வரி உண்டு. ஆனால் அவர் முழு விலைக்கு வரி கட்ட வேண்டியதில்லை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு மட்டும் கட்டும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. எப்படியானாலும் வரி கேட்பவர் பில் தர வேண்டும். பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும். கேரளத்தில் பதிவு செய்தவரின் எண் 32 என்று தொடங்கும். தமிழ்நாட்டு எண் 33. அதற்கடுத்த பத்து எழுத்துகளும் எண்களும் அவருடைய பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பில்லில் உள்ள பெயர் ஒன்று, தளத்தில் வரும் பெயர் வேறு என்றால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பெயர் பொருந்தினால் வரியைக் கொடுங்கள், ஆனால் வங்கி வழியாக, பில்லில் உள்ளவரின் கணக்குக்கே. புரோக்கர் கைக்கு அல்ல. உங்கள் விற்பனையாளர் இந்த வகையில் இல்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. இருந்தாலும் நேரில் கேட்டு, "எனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை" என்ற ஒரு வரியை விற்பனைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

படகின் விலையையும் ரொக்கமாகத் தர வேண்டாம். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே வியாபாரத்தில் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைப் பெற்றவருக்குப் பெற்ற தொகை அளவுக்கே அபராதம் உண்டு. விற்பவர் ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அவருக்கே இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரிக்கு வருகிறேன். "பெயரை இப்போது மாற்ற வேண்டாம்."

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவர் மார்த்தாண்டத்தில் என் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தார். உள்ளே பதிவுச் சான்று, மடித்த இடமெல்லாம் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதனுடன் மூன்று விற்பனைக் கடிதங்கள். படகு மூன்று கை மாறியிருக்கிறது, ஒருவரும் பெயர் மாற்றவில்லை. ஒவ்வொருவரிடமும் புரோக்கர், முதல் உடைமையாளர் கையெழுத்திட்ட வெற்றுத்தாளைக் கொடுத்து, "இது போதும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் மாற்றப் போனபோது அந்த முதல் உடைமையாளர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வாரிசுகள் ஐந்து பேர், ஒரு மகள் குவைத்தில். ஐந்து பேருடைய சம்மதமும் வந்து சேர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் படகு கட்டிக்கிடந்தது. அடிப்பலகையில் சிப்பி ஏறியிருந்ததை நானே கையால் தடவிப் பார்த்தேன். கடன் வாங்கி வாங்கிய படகு அது. வட்டி கட்டிக்கிடக்கவில்லை.

வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கித் தரும் புரோக்கர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. பெயர் மாற்றம் இல்லாமல் படகு கை மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் அவருக்குக் கமிஷன். இது மட்டும்தான் அவருடைய கணக்கு.

பெயர் யாருடையதோ பணமும் அவருக்கே. 2012 பிப்ரவரியில் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் செயின்ட் ஆன்டனி படகில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த அந்த வழக்கில் இழப்பீடு 10 கோடி ரூபாய். இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகின் உடைமையாளருக்கு 2 கோடி. அவர் நம் மாவட்டத்துக்காரர். அந்தப் பதிவில் முந்தைய உடைமையாளரின் பெயர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்சூரன்ஸும் அப்படியே. படகு மூழ்கினால் கம்பெனி முதலில் விரித்துப் பார்ப்பது பதிவுச் சான்றைத்தான்.

டீசலும் இதில்தான் தொங்குகிறது. நீங்கள் வரியைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மையில் இந்தத் தொழிலில் விற்பனை வரி இன்னும் உயிரோடு இருப்பது டீசலில்தான். டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, மாநில வரி தொடர்கிறது. தமிழ்நாட்டில் பதிவுபெற்ற விசைப்படகுக்கு அந்த வரி நீங்கிய டீசல் கிடைக்கிறது. ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த அளவை 19,000 ஆக உயர்த்துவதாக 2023இல் முதலமைச்சர் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் அறிவித்தார். கேரள நம்பரோடு தேங்காய்ப்பட்டணத்தில் கிடக்கும் படகுக்கு அதில் ஒரு லிட்டரும் வராது. புரோக்கர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பதிவுச் சான்றின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய், இந்தப் படகை இங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். தமிழ்நாட்டு விதிப்படி 24 மீட்டருக்கு மேல் நீளமோ 240 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சினோ உள்ள படகைப் பதிய முடியாது. 60 அடி என்பது 18 மீட்டர் சொச்சம், நீளத்தில் பிரச்சினை இல்லை. எஞ்சினில்தான் கவனம் தேவை. கேரளக் கரையில் பல படகுகளில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரிய எஞ்சினை வைத்திருக்கிறார்கள். சான்றில் பழைய எண்ணே இருக்கும். எஞ்சின் அறைக்குள் டார்ச்சோடு நீங்களே இறங்குங்கள். எண் தகட்டின் மேல் பெயின்ட் அடித்திருந்தால் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். தகட்டில் உள்ள எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒரு எழுத்து மாறினாலும் வாங்காதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு யார்டில் ஏறியிருக்கும்போது பார்ப்பது நல்லது, அடிப்பலகையும் தெரியும்.

கடன் இருக்கிறதா என்று சான்றின் பின்பக்கம் பாருங்கள். வங்கியோ, கேரள மீனவர் கூட்டுறவு அமைப்பான மத்ஸ்யஃபெட்டோ கடன் கொடுத்திருந்தால் அடைத்துவிட்டதற்கான கடிதம் வேண்டும். க்ஷேமநிதி என்ற மீனவர் நலநிதிக்குப் பாக்கி இல்லை என்ற சீட்டும் வாங்குங்கள். ஆனால் எந்தக் காகிதத்திலும் வராத கடன் ஒன்று உண்டு: ஏலம் விடும் தரகனார் கொடுத்த அட்வான்ஸ். படகின் மீனைத் தன் வழியாகவே விற்க வேண்டும் என்ற பேச்சில் கொடுத்த பணம் அது. படகு கை மாறியதும் அவர் உங்கள் முன்னால் வந்து நிற்பார். முனம்பம் ஹார்பரில் அந்தப் படகின் மீனை யார் ஏலம் விடுகிறார் என்று விசாரித்து, அவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். இதற்குப் புரோக்கரைத் தூது அனுப்ப வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால், விற்பவர் படகு பதிந்திருக்கும் கேரள மீன்வளத் துறை அலுவலகத்தில் தடையில்லாச் சான்றுக்கு மனு செய்ய வேண்டும். அது கிடைத்த பிறகே இங்கே உங்கள் மூவர் பெயரிலும் பதிவு, மீன்பிடி உரிமம், புதிய எண். நம் மாவட்ட எண் டிஎன்-15 என்று வரும். கேரளத்து நீலமும் ஆரஞ்சும் போய் இங்குள்ள நிறத்தை அடிக்க வேண்டும். 12 கடல் மைலுக்கு அப்பால் போகிறவர்கள் என்பதால் மத்திய அரசு புதிதாகக் கொண்டுவந்திருக்கும் அனுமதிச் சீட்டும் தேவைப்படும்; அதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டு மாநில அலுவலகங்களும் திறந்து வைத்திருப்பது படகுப் பதிவுக்கான ரியல்கிராஃப்ட் என்ற ஒரே இணையதளத்தை. ஆனாலும் அங்கே ஏற்றிய சான்றை இங்கே கண்ணால் பார்த்துவிட்டு, "அசலைக் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். அசலைக் கொண்டுபோனால் மலையாளத்தில் எழுதிய கடிதத்துக்கு மொழிபெயர்ப்பு கேட்கிறார்கள். 1956 நவம்பர் வரை நம் குமரியின் விளவங்கோடும் முனம்பமும் ஒரே மாநிலம்தான். இடையில் ஒரு கோடு விழுந்ததற்காகக் கடலுக்குப் போகிற மனிதர் பஸ் ஏறி மூன்று முறை அலைய வேண்டியிருக்கிறது. அலுவலகங்கள் இப்படி இழுத்தடிப்பதால்தான் வெற்றுத்தாள் புரோக்கர் பிழைக்கிறார். இதைப் பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

விற்பவரிடம் இப்படிப் பேசுங்கள்: முன்பணமாக ஒரு சிறு தொகை வங்கி வழியாக; தடையில்லாச் சான்று கைக்கு வந்த அன்று பெரும்பகுதி; இங்கே பெயர் மாறிய அன்று கடைசி 2 லட்சம். இதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தன் பெயரில் படகு கிடந்தால் நாளை விபத்துக்கும் வழக்குக்கும் அவரும் பதில் சொல்ல வேண்டிவரும் என்று புரியவையுங்கள், சம்மதிப்பார். புரோக்கருக்குப் பேசிய கமிஷனை மட்டும் கொடுங்கள், அதையும் பெயர் மாறிய பிறகு.