கண்ணு, கை, தலையாட்டு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் ஹட்டன்ல கம்யூனிகேஷன் படிப்பிக்கிற ஆள். வாய் பேசாம ஆளுங்க பேசிக்கிறத பத்தி என்னவேணா கேளுங்க.

தலவாக்கலை தம்பி: சார், பேச்சுல 93 சதவீதம் உடல்மொழிதானாம், ட்ரெய்னிங்ல சொன்னாங்க.

இல்ல தம்பி. மெஹ்ராபியன்ங்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1967ல செஞ்ச ரெண்டு சின்ன ஆராய்ச்சி, தனி வார்த்தைய வேறவேற குரல்ல, முகபாவத்துல காட்டி, ஒருத்தர புடிச்சிருக்கா இல்லையான்னு மட்டும் பாத்தது. அந்த கணக்க தூக்கி எல்லா பேச்சுக்கும் ஒட்டிட்டாங்க. அது உண்மைன்னா சிங்களம் தெரியாத நம்ம ஆளுங்க பெரியாஸ்பத்திரி கவுண்டர்ல அவ்வளவு தவிக்க தேவையில்லையே.

மஸ்கெலியா அண்ணன்: பொய் சொல்றவன் கண்ண பாக்க மாட்டான்தானே?

2006ல பாண்ட், டிபாலோன்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் சேத்து பாத்தா, ஜனங்க பொய்யையும் மெய்யையும் சரியா பிரிச்சது 100க்கு 54 தடவதான். காச சுண்டினாலே 50 வரும்ண்ணே. அதோட தோட்டத்துல தொரைக்கு முன்னால, வீட்ல பெரியவங்களுக்கு முன்னால கண்ண தாழ்த்தி நிக்கத்தான் நம்ம பிள்ளைங்கள பழக்குறோம், அந்த பிள்ள கொழும்புல இன்டர்வியூக்கு போய் அதே மாதிரி உக்காந்தா அவங்க ‘ஏதோ மறைக்கிறான்’னு எழுதுறாங்க. ஒரு அசைவ தனியா பிச்சி எடுத்து அர்த்தம் சொல்லாதீங்க.

பதுளை தங்கச்சி: அவர் என் கண்ண பாத்து பேசுறதே இல்ல, பொய்யா இருக்குமோ?

மேல இப்பத்தான் எழுதினேன்மா.

ராகலை அக்கா: ரெண்டு வயசு மகன் பேர் சொல்லி கூப்பிட்டாலும் திரும்பி பாக்கறதில்ல.

அக்கா, இது என் வேலையில்ல. இந்த வாரமே க்ளினிக்ல மிட்வைப் மிஸ் கிட்ட சொல்லி டாக்டருக்கு காட்டுங்க, காதையும் செக் பண்ண சொல்லுங்க.

நுவரெலியா தம்பி (கெஸ்ட் ஹவுஸ்): நான் தலைய ஆட்டினா வெள்ளக்காரங்க முழிக்கிறாங்க.

வாய தொறந்து ‘யெஸ்’ சொல்லுங்க.

பொகவந்தலாவ தம்பி: பஸ்ல நின்னுட்டு வர்றப்ப உக்காந்திருக்கிறவங்க மடியில பேக்க குடுக்கலாமா?

இதுதான் கேள்வி! நல்லா கவனிச்சி பாருங்க, யாரும் கேக்குறதே இல்ல. நிக்கிறவர் பேக்க ஒரு தோள்லருந்து மறு தோளுக்கு மாத்துவார், உக்காந்திருக்கிற அம்மா பேக்க ஒரு பார்வ பாத்து கைய லேசா நீட்டுவாங்க, பேக் மடிக்கு போயிரும். அப்புறம் ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிருவாங்க. அந்நியர ஒரு தடவ பாத்துட்டு பார்வைய எடுத்துக்கிறது மரியாதைன்னு கோப்மன்ங்கிற சமூகவியல் அறிஞர் 1963ல எழுதினார். அந்த கை நீளுற வரைக்கும் நீங்களா வைக்காதீங்க.

பண்டாரவளை அண்ணன்: டிக்கட் எடுத்தது எனக்கு, கண்டவன் பேக்குக்கு இல்ல.

அப்ப ஜன்னல பாத்துட்டே வாங்கண்ணே, யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.

கொட்டகலை ஐயா: இவருக்கு தெரியாது சார். யுத்த காலத்துல செக்பொயின்ட்ல எல்லாரையும் எறக்கி பேக்க கொட்டி பாப்பான், தமிழ் ஆள் பேக்க நான் மடியில வைக்கவே பயந்தேன், என் பேக்க குடுக்கவும் பயம்.

உண்மைங்கய்யா. பேக் அப்பிடியேதான் இருந்திச்சி, அத வாங்குறதுக்கு அர்த்தம் மாறிப்போச்சி. பண்டாரவளை அண்ணன் மாதிரி கை நீட்டாத பெரியவங்கள பாத்தா பழைய பயமாவும் இருக்கலாம், கர்வம்னு எடுத்துக்காதீங்க.

பண்டாரவளை அண்ணன்: எனக்கு பயமில்ல, முழங்கால் வலி.

சரிண்ணே.

வட்டவளை தம்பி: சார், பொய் சொன்னா மூக்க சொறிவாங்களாமே?

54. மேல போங்க.

பொகவந்தலாவ தம்பி: பேக்ல கருவாடு இருந்தா?

நீங்களே புடிச்சிட்டு நில்லுங்க.