பூங்காக்களை ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட்டிடமிருந்து நகரம் எடுத்துக்கொண்டால் நமக்கு லாபமா, நஷ்டமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் எங்கள் பகுதியின் பூங்காக்கள், நீச்சல்குளம், பிள்ளைகளின் கோடை வகுப்புகள் எல்லாவற்றையும் இதுவரை ஒரு ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட் (குறிப்பிட்ட சேவைகளுக்கென்றே இருக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு) நடத்திவந்தது. இனி நகரமே எடுத்து நடத்தப்போகிறதாம். வரி கூடுமா? இதை ஆதரிக்கலாமா?

பதில்:

கைமாறுவதாலேயே வரி கூடிவிடாது. ஆதரிப்பதா வேண்டாமா என்பதற்கு இரண்டு காகிதங்களைப் பார்த்தால் போதும். ஒன்று டிஸ்ட்ரிக்ட்டின் எல்லை வரைபடம். இன்னொன்று, உங்கள் சொத்து வரியில் பூங்காவுக்குப் போகும் பங்கு இனிமேல் எந்தக் கணக்கில் விழும் என்று சொல்லும் தீர்மானம். லோகோ மாறுவது, பிக்னிக் இடம் பதிவு செய்யும் இணையதளம் மாறுவது எல்லாம் ஒரு கோடைக்குள் பழகிவிடும்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவின் டப்ளினில். எங்கள் ஊரில் இந்தக் கதை 1980களிலேயே நடந்துவிட்டது. 1953-இல் தொடங்கிய ஒரு டிஸ்ட்ரிக்ட் ஒரு காலத்தில் குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு, குப்பை, பூங்கா என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. அப்போது இங்கே நகரம் என்று ஒன்றே கிடையாது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிலத்தில் வீடுகள் மட்டும் பெருகின. கவுண்டி ஷெரீஃபை அனுப்பும், சாலை போடும். பிள்ளைகளுக்கு நீச்சல்குளம் கட்டித் தராது. அதனால் கலிஃபோர்னியாவில் பல இடங்களில் நகரம் பிறப்பதற்கு முன்பே பூங்கா டிஸ்ட்ரிக்ட் பிறந்துவிடும். டப்ளின் 1982-இலும் பக்கத்து சான் ரமோன் 1983-இலும் நகரங்களாயின. பூங்காவும் தீயணைப்பும் குப்பையும் டிஸ்ட்ரிக்ட்டின் கையை விட்டுப் போயின. தண்ணீரும் கழிவுநீரும் அதனிடமே தங்கின. என் வீட்டுத் தண்ணீர் பில் இன்றைக்கும் டப்ளின் சான் ரமோன் சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட் பெயரில்தான் வருகிறது. நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டுவது நகரத்திடம். யாரும் இதைப் பற்றி இப்போது சண்டை போடுவதில்லை.

இனி பணம். 1978-இல் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் பிரேரணைப்படி சொத்து வரியின் அடிப்படை விகிதம் மதிப்பில் 1 சதவீதம்தான். வீட்டின் மதிப்பு 10 லட்சம் டாலர் என்றால் 10,000 டாலர். அதைப் பள்ளிகள், கவுண்டி, நகரம், டிஸ்ட்ரிக்ட்டுகள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. யாருக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் 1970களின் கடைசியில் யார் எவ்வளவு வசூலித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை வைத்து முடிவான பழைய கணக்கு. ஒரு பேச்சுக்கு, உங்கள் பூங்கா டிஸ்ட்ரிக்ட்டின் பங்கு டாலருக்கு 5 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 டாலர். டிஸ்ட்ரிக்ட் இருக்கும்வரை அந்த 500 டாலர் பூங்காவைத் தவிர வேறெங்கும் போக முடியாது, ஏனென்றால் அந்த டிஸ்ட்ரிக்ட்டுக்கு வேறு வேலையே இல்லை. நகரம் எடுத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது அதே 500 டாலர்தான். ஆனால் அது வேறு நிபந்தனை எதுவும் இல்லாவிட்டால் நகரத்தின் பொதுநிதியில் போய் விழும். அங்கே போலீஸ் சம்பளம் இருக்கிறது, பென்ஷன் பாக்கி இருக்கிறது, வழக்குச் செலவு இருக்கிறது. நல்ல காலத்தில் எல்லாருக்கும் கிடைக்கும். வரி வருமானம் சுருங்கும் வருடத்தில் கவுன்சில் முதலில் வெட்டுவது புல்வெட்டுவதையும் நூலக நேரத்தையும்தான். 911 அழைப்புக்கு ஆள் வராவிட்டால் தேர்தலில் தோற்பார்கள். டென்னிஸ் கோர்ட்டில் வலை கிழிந்திருந்தால் தோற்கமாட்டார்கள்.

இதற்குக் கலிஃபோர்னியாவிலேயே இருக்கும் வலேஹோ நகரத்தைப் பாருங்கள். 2008 மே மாதம் அந்த நகரம் திவால் மனு போட்டது. அங்கே பூங்காக்களையும் விளையாட்டு வகுப்புகளையும் நடத்துவது நகரம் அல்ல, 1944-இலிருந்தே இருக்கும் கிரேட்டர் வலேஹோ ரெக்ரியேஷன் டிஸ்ட்ரிக்ட். திவாலானது நகரம்தான், டிஸ்ட்ரிக்ட் அல்ல. வீட்டு விலை சரிந்ததால் டிஸ்ட்ரிக்ட்டின் வரிப் பங்கும் சரிந்தது என்பது உண்மை. ஆனால் நகரத்தின் கடன்காரர்கள் வரிசையில் அதன் பணம் சிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு டிஸ்ட்ரிக்ட்தான் தெய்வம் என்று நினைத்துவிடாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் மாநிலத்துக்குப் பணமுடை வந்தபோது, உள்ளாட்சிகளின் சொத்து வரியிலிருந்து ஒரு பகுதியைப் பள்ளிகளின் பக்கம் திருப்பிவிட்டார்கள். பூங்கா டிஸ்ட்ரிக்ட்டுகளும் அதில் இழந்தன. அந்தத் திருப்பல் இன்றுவரை தொடர்கிறது. நகரமாவது விற்பனை வரி, ஹோட்டல் வரி என்று வேறு வழி பார்க்கும். 1996-இன் 218-ஆம் பிரேரணைப்படி டிஸ்ட்ரிக்ட் பொது வரி போடவே முடியாது. குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுப்பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

டிஸ்ட்ரிக்ட்டுக்கு இன்னொரு கை கட்டப்பட்டிருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. புதிதாக வீட்டுமனை போடும் பில்டர் பூங்காவுக்கு நிலம் கொடுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்பது 1965-இல் வந்த குவிம்பி சட்டம். ஆயிரம் பேருக்கு 3 ஏக்கர், சில இடங்களில் 5 ஏக்கர் வரை கேட்கலாம். ஆனால் கேட்கும் அதிகாரம் நகரத்துக்கும் கவுண்டிக்கும் மட்டுமே உண்டு. டிஸ்ட்ரிக்ட் தானாகக் கேட்க முடியாது. புது காலனி எங்கே, பூங்கா எந்த மூலையில், அது வாய்க்கால் ஓரத்துச் சரிவா சமதளமா என்று பில்டரோடு உட்கார்ந்து பேசி முடிப்பது நகரம். பிறகு அந்தச் சரிவில் புல் வளர்த்து, தண்ணீர் பில் கட்டி, ‘இங்கே ஏன் கிரிக்கெட் ஆட இடமில்லை’ என்று நாம் திட்டும்போது வாங்கிக்கட்டிக்கொள்வது டிஸ்ட்ரிக்ட். முடிவு எடுப்பவரும் பராமரிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று நகரங்கள் சொல்லும் வாதத்தில் எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். ‘நிர்வாகச் செலவு மிச்சமாகும்’ என்று கூடவே சொல்வார்கள். ஒரு ஜெனரல் மேனேஜர் சம்பளம் மிச்சம், அவ்வளவுதான். தோட்ட வேலைக்காரர்களும் லைஃப்கார்டுகளும் அதே எண்ணிக்கையில்தான் வேண்டும். பென்ஷன் பாக்கி இருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கும் மவுண்டன் ஹவுஸ் இதற்கு அண்மைக்கால உதாரணம். டப்ளினில் விலை கட்டுபடியாகாமல் ஆல்ட்டமான்ட் கணவாயைத் தாண்டிப் போனவர்கள். அங்கே 1996-இலேயே சமூக சேவை டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டார்கள், வீடுகள் வருவதற்கு முன்பே. பூங்கா, சாலை, பாதுகாப்பு, பொதுப்பணி என்று தனித்தனிச் சிறப்பு வரிகளையும் அப்போதே எழுதிவைத்துவிட்டார்கள். 2008-இல் வீட்டு விலை விழுந்தபோது, வீட்டின் மதிப்பைவிடக் கடன் அதிகமாக இருக்கும் ஊர்களில் நாட்டிலேயே முதலிடம் என்று நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது இந்த ஊரைப் பற்றித்தான். அதையும் தாண்டி, 2024 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்து, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆதரித்து, ஜூலை 1 அன்று நகரமானது. 2011-இல் ஜுருபா வேலி நகரமான பிறகு, அதுவரை கலிஃபோர்னியாவில் புது நகரமே பிறந்திருக்கவில்லை. புது நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த வாகன உரிமக் கட்டணப் பங்கை மாநிலம் 2011-இல் நிறுத்தியது அதற்கு ஒரு பெரிய காரணம்.

அங்கே பூங்கா கைமாறியது பெரிய கலகம் இல்லாமல் போனதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். டிஸ்ட்ரிக்ட்டும் நகரமும் ஏறக்குறைய ஒரே ஊர், ஒரே மக்கள். பூங்காவுக்கென்று வாக்களித்த சிறப்பு வரி, நகரமான பிறகும் பூங்கா வரியாகவே தொடர்கிறது. ‘நேத்து டிஸ்ட்ரிக்ட், இன்னைக்கு சிட்டி. பில்லுல தலைப்புதான் மாறிச்சு’ என்றார் அங்கிருக்கும் நண்பர்.

இதே மாநிலத்தின் எல்க் குரோவ் நகரம் அப்படி இல்லை. அங்கே தீயணைப்பு டிஸ்ட்ரிக்ட்டும் பூங்கா டிஸ்ட்ரிக்ட்டும் 1985-இல் ஒன்றாயின. நகரம் வந்ததோ 2000-இல். 2006-இல் பக்கத்து ஊரான கால்ட்டின் தீயணைப்பு டிஸ்ட்ரிக்ட்டும் சேர்ந்து, கசம்னஸ் கம்யூனிட்டி சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட் ஆனது. அதன் பரப்பு நகரத்தைவிடப் பல மடங்கு பெரியது. இப்படிப்பட்ட இடத்தில் நகரம் பூங்காவை மட்டும் பிய்த்து எடுக்க நினைத்தால், எல்லைக்கு வெளியே இருக்கும் வீடுகளின் பூங்காவை யார் பார்ப்பது, வரிப் பங்கை எப்படிப் பிரிப்பது, எந்த ஊழியர் எந்தப் பக்கம் என்று வருடக்கணக்கில் இழுக்கும். மிஞ்சும் துண்டு டிஸ்ட்ரிக்ட் நொண்டும். அங்கே நகரம் தன் பணத்தில் ஒரு பெரிய நீச்சல் மையம் கட்டி, அதை நடத்தும் பொறுப்பை டிஸ்ட்ரிக்ட்டிடமே கொடுத்தது. எல்லைகள் பொருந்தாத இடத்தில் இதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

எல்லை பொருந்தினால்? அப்போதும் டிஸ்ட்ரிக்ட்டைக் கலைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. டிஸ்ட்ரிக்ட்டின் நிலத்தில் 70 சதவீதமும் வாக்காளர்களில் 70 சதவீதமும் நகர எல்லைக்குள் இருந்தால், அதை நகரத்தின் துணை டிஸ்ட்ரிக்ட்டாக மாற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சிட்டி கவுன்சில்தான் அதன் போர்டாக உட்காரும். ஆனால் பணப்பெட்டி தனி. பில்டரோடு பேசும் கையும் பூங்காவைப் பராமரிக்கும் கையும் ஒன்றாகும், அந்த 500 டாலரும் பூங்காவை விட்டு நகராது. இந்த வழியைப் பற்றி நகரம் தானாக முன்வந்து பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இதில் நீங்கள் இழப்பது ஒன்று உண்டு. பூங்காவுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு போய்விடும். அந்தக் கூட்டத்துக்குப் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள்தான். ஆனால் வாலிபால் கோர்ட்டில் விளக்கு எரியவில்லை என்று சொன்னால் போர்டு உறுப்பினரே காதுகொடுத்துக் கேட்பார். கவுன்சிலில் இரவு பதினொரு மணிவரை காத்திருந்து மூன்று நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும். பூங்கா கமிஷன் என்று ஒன்று வைப்பார்கள், ஆனால் அது பொதுவாக ஆலோசனை சொல்லத்தான், பட்ஜெட் அதன் கையில் இல்லை.

இந்த மாற்றம் எதுவானாலும், நகரங்கள், டிஸ்ட்ரிக்ட்டுகளின் எல்லை மாற்றங்களை முடிவு செய்யும் கவுண்டியின் லாஃப்கோ ஆணையத்தின் முன்னால் வந்தாக வேண்டும். அங்கே திட்டத்தோடு ஒரு நிதி அறிக்கை வைப்பார்கள், பொதுவில் கிடைக்கும். அதில் மூன்றைத் தேடுங்கள்: டிஸ்ட்ரிக்ட்டின் சொத்து வரிப் பங்கு முழுதாக மாறுகிறதா, கையிருப்பு நிதி பூங்காவுக்கென்றே ஒதுக்கப்படுகிறதா, எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இனி வெளியூர்க் கட்டணமா. பிடிக்கவில்லை என்றால் கூட்டத்தில் எழுந்து பேசியது மட்டும் எதிர்ப்புக் கணக்கில் சேராது. கையெழுத்து, தேதி, முகவரியோடு எழுத்தில், விசாரணை முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.