ஆபீஸில் ஒரு வாளித் தண்ணீர்

கேள்வி: திருவொற்றியூரிலிருந்து ராஜாஜி சாலையில் இருக்கும் ஆபீஸுக்கு சைக்கிளில் போகிறேன். போய்ச் சேரும்போது உடம்பெல்லாம் வியர்வை. வாஷ்பேசினில் முகம் கழுவி, கழிவறைக்குள் நின்று உடை மாற்றுகிறேன். கூட வேலை செய்யும் சிலருக்கும் சைக்கிளில் வர ஆசைதான், குளிக்க இடமில்லையே என்று தயங்குகிறார்கள். நிர்வாகத்தில் கேட்டால், "ஷவர் ரூம் கட்ட இதென்ன ஹோட்டலா?" என்கிறார்கள். எப்படிக் கேட்பது?
- ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: நீங்கள் கேட்பது சொகுசு இல்லை. கன்டெய்னர் லாரிகளின் புகையையும் புழுதியையும் தாண்டி வருகிறீர்கள். நம்ம கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை சீக்கிரம் காயாது. வியர்வைக்கு என்று பெரிதாக வாடை கிடையாது, தோலில் உள்ள கிருமிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. அதனால் வந்தவுடன் குளிப்பதுதான் சரியான வழி.

ஆனால் ஷவர் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரு குழாய், வாளி, மக், உள்தாழ்ப்பாள் போதும். லாரித் தண்ணீர் வாங்கும் கட்டடத்தில் முதல் பயமே தண்ணீர்தான். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் போய்விடும். வாளிக் குளியல் இருபது லிட்டருக்குள் முடியும். இந்தக் கணக்கை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இடத்தையும் நீங்களே காட்டுங்கள். பழைய கட்டடங்களில் தரைத்தளத்தில், பார்க்கிங் பக்கமாக, உடைந்த நாற்காலிகளை அடைத்துப் பூட்டி வைத்த கழிவறை ஒன்று அநேகமாக இருக்கும். தண்ணீர் வரவும் போகவும் குழாய் அங்கே ஏற்கெனவே உண்டு. மேல்தளத்தில் புதிதாகக் கட்டினால் கீழ்த்தளக் கூரையில் ஒழுகும் என்பார்கள், அந்தப் பேச்சே எழாது. பசுமைக் கட்டடங்களுக்கான 'லீட்' சான்றிதழின் நான்காம் பதிப்பில், சைக்கிள் வசதிக்கான மதிப்பெண் பெற, முதல் 100 பேருக்கு ஒரு ஷவரும் அதற்குமேல் 150 பேருக்கு ஒன்று வீதமும் இருக்க வேண்டும். ஹோட்டலா என்று கேட்டவரிடம் இதைச் சொல்லலாம்.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். சைக்கிளில் வர நினைப்பவர்களோடு, இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் செக்யூரிட்டி அண்ணனையும், வெயிலில் அலைந்துவிட்டு வரும் ஆபீஸ் பையனையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். அவர்களுக்கும் அந்த அறை தேவைதானே? அப்புறம், சுத்தம் செய்யும் அக்காவின் தலையில் இந்த வேலையையும் சும்மா கட்டிவிடக் கூடாது. கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம் என்று மனுவிலேயே எழுதுங்கள். எனக்கு இது மிக முக்கியம்.

அறை கிடைத்ததும் ஈரத் துண்டு காய ஒரு கொடியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் கேளுங்கள். இவை இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பூஞ்சை வாடை வந்து, அதையே சாக்காக வைத்து மூடிவிடுவார்கள். பெண்களுக்குத் தனி அறை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் தனி நேரம் குறித்துக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

அதுவரை, வந்ததும் ஒரு பத்து நிமிடம் ஃபேனடியில் உட்கார்ந்து சூடு தணிந்த பிறகு, நனைத்த துண்டால் கழுத்து, அக்குள், முதுகு எல்லாம் துடைத்துவிட்டு உடை மாற்றுங்கள். வியர்வை மேலேயே சென்ட் அடிக்க வேண்டாம்.