“அனுமதி எடுத்தீங்களா?”: கூட்டம், பதிவு, விசாரணை பற்றி வாசகர் கேள்விகள்

கிழக்கிலங்கையில் வாகரையிலிருந்து திருக்கோவில் வரை இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான்: “செய்யலாமா?” அந்தச் சந்தேகம் சட்டத்தை வாசித்து வந்ததாகத் தெரியவில்லை. யாரோ போன் எடுத்துச் சொன்னதால், சந்தியில் வைத்து யாரோ எச்சரித்ததால் வந்தது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பிரசைக்குப் பேச்சையும் அமைதியாகக் கூடுவதையும் உரிமையாகத் தருகிறது. 15ஆம் உறுப்புரை அவற்றைக் கட்டுப்படுத்த இடம் வைக்கிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டுக் கேள்விகளைத் தருகிறேன்.

எங்கள் ஊர் வீதி ஒவ்வொரு மாரிக்கும் அரித்துப் போகிறது. பிரதேச செயலகத்துக்கு முன்னால் பதாகையோடு நிற்கப் போகிறோம். பொலிஸ் அனுமதி இல்லாமல் நின்றால் எல்லாரையும் பிடிப்பார்கள் என்று கிராம சேவகர் சொல்கிறார். உண்மையா சேர்? (செங்கலடி)

பாதிதான் உண்மை. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஊர்வலத்தைப் பற்றியது. பொது இடத்தில் ஊர்வலம் போவதானால், தொடங்குவதற்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன், தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் அங்கே அனுமதி கேட்கப் போவதில்லை, போகிறோம் என்று சொல்லத்தான் போகிறீர்கள். பொது ஒழுங்கைக் காரணம் காட்டி அதைத் தடுக்கவோ நிபந்தனை போடவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பணிப்புரை தர வேண்டும். கிராம சேவகருக்கு அந்த அதிகாரம் இல்லை.

ஓர் இடத்தில் நிற்பது ஊர்வலமே இல்லை. ஆனாலும் அறிவித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரையும் திகதியும் நேரமும் போட்டு வாங்குங்கள். பிறகு யாராவது “சொல்லவே இல்லையே” என்றால் காட்ட ஒரு தாள் கையில் இருக்கும். ஒலிபெருக்கி பாவிப்பதானால் அதற்கு உண்மையாகவே அனுமதிப்பத்திரம் வேண்டும், கோயில் திருவிழாவுக்கு எடுப்பதுபோல. வீதியை மறிக்காதீர்கள். கோரிக்கை எவ்வளவு நியாயமானாலும், அம்புலன்ஸ் ஒன்று நின்றுவிட்டால் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான் இருக்கும்.

இன்னொரு வழியாகவும் தடை வரும். குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லை ஏற்படும் என்று பொலிஸ் நீதவானிடம் போய், உங்களைக் கேட்காமலே கட்டளை வாங்கலாம். 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை போன பேரணிக்கு எதிராகப் பல இடங்களில் இப்படித்தான் தடைக் கட்டளை எடுத்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்த பேரணி அது. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (உடல்களை) வலுக்கட்டாயமாக எரிப்பதை நிறுத்து என்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. அடுத்த மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. பேரணியால் மட்டும் கிடைத்தது என்று சொல்லமாட்டேன், எதிர்ப்புக் காட்டக் கபன் துணி (இறந்தவரைச் சுற்றும் வெள்ளைத் துணி) கட்டியவர்கள் முதல் வெளிநாட்டு அழுத்தம் வரை எல்லாம் சேர்ந்து வந்தது. அது கிடக்கட்டும். 106ஆம் பிரிவுக் கட்டளை 14 நாளுக்கு மேல் நிற்காது. அதே நீதவானிடம் போய் மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். கட்டளை வந்திருக்கிறது என்று வாயால் சொன்னால், யாருடைய பெயருக்கு, எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்று பிரதியைக் கேட்டு வாசியுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் அலைச்சல் வராது என்று உறுதி தர முடியாது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் உட்கார்ந்தார்கள். நவம்பரில் ஆதரவு தெரிவிக்கப் போன கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் கைதானது நினைவிருக்கும். யார் யார் வருகிறார்கள், எந்தச் சட்டத்தரணிக்கு முதலில் போன் எடுப்பது என்பதை முதல் நாளே பேசி வையுங்கள்.

பிரதேச சபையில் நடந்த ஒரு கொந்தராத்தைப் பற்றி முகநூலில் எழுதினேன். சபை உறுப்பினர் ஒருவர் “சைபர் கிரைமில் போடுவேன், மானநட்ட வழக்கில் உள்ளே தள்ளுவேன்” என்கிறார். அழிக்கவா? (களுவாஞ்சிகுடி)

மானநட்டத்துக்காக உங்களை மறியலுக்கு அனுப்ப முடியாது. குற்றவியல் அவதூறு 2002இலேயே நம் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அவர் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அப்படி வந்தால் நீங்கள் எழுதியது உண்மையா, பொதுநலனா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கும். ஆகவே பதிவைத் திரும்ப வாசியுங்கள். “ஒப்பந்தத் தொகை இவ்வளவு, போட்ட கொங்கிறீட் இவ்வளவு நீளம்” என்பது நிற்கும். “கள்ளன்” என்ற சொல்லுக்கு ஆதாரம் கேட்பார்கள். அதை எடுத்துவிட்டால் பதிவு பலவீனப்படாது.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கொஞ்சம் பொல்லாதது. பொய்யான கூற்று என்பதைச் சுற்றி அகலமாக வலை விரித்த சட்டம் அது. உங்கள் பக்கம் ஆவணம் இருப்பதுதான் காப்பு. அதை எடுக்கும் வழியைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

வட்ஸ்அப்பில் வந்த ஒரு வொய்ஸை அப்படியே அடுத்த குரூப்புக்கு அனுப்பினேன். மற்றச் சமூகத்தைப் பற்றிக் கூடாமல் பேசியிருந்தது. நான் பேசவில்லையே? (காத்தான்குடி)

அனுப்பியது நீங்கள்தானே. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்தில் கருத்தடை மாத்திரை போட்டதாகக் கதை கட்டினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்று வந்தது. அந்த வீடியோவைப் பரப்பிய பலரும் “நான் பேசவில்லையே” என்றுதான் இருந்திருப்பார்கள்.

2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. 10 வருடம் வரை சிறைத்தண்டனை. நீதவான் பிணை தரமுடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த வொய்ஸை அழித்துவிட்டு, அனுப்பிய குரூப்பிலேயே அது சரியில்லை என்று எழுதிவிடுங்கள்.

ஆனால் இந்தச் சட்டம் போக வேண்டிய இடத்துக்குப் போனதைவிடப் போகக்கூடாத இடத்துக்குப் போனதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. 2019இல் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். 2020இல் வெறுப்புக்கு எதிராக முகநூலில் எழுதிய ரம்சி ராசிக் இதே சட்டத்தில் கைதானார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2023 நவம்பர் ஆனது.

நான் அரசாங்க உத்தியோகத்தர். போராட்டப் படத்துக்கு ‘லைக்’ போட்டால் வேலை போகுமா? (அக்கரைப்பற்று)

ஒரு லைக்குக்கு வேலை போனதாக நான் பார்க்கவில்லை. ஆனால் அரசாங்க உத்தியோகத்தருக்கான விதிப் புத்தகமான தாபன விதிக்கோவை உங்களைக் கட்டும். 2022 செப்டம்பரில் பொது நிர்வாக அமைச்சு, சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்வதும் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளாகலாம் என்று சுற்றறிக்கையே விட்டது. நாடு முழுக்கத் தெருவில் இறங்கிய வருடம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் திணைக்களத்தைப் பற்றி எழுதுவதுதான் கூடுதல் ஆபத்து. தொழிற்சங்கத்தின் பெயரில் பேசுவது தனியாகப் பேசுவதைவிடப் பாதுகாப்பு.

பொலிஸார் ஒருவரை அடிப்பதைக் கண்டால் போனில் எடுக்கலாமா? (வாழைச்சேனை)

எடுக்கலாம். பொது இடத்தில் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. கடமைக்கு இடைஞ்சல் செய்ததாகச் சொல்ல இடம் கொடுக்காமல் எட்ட நின்று எடுங்கள். எடுத்ததும் ஒரு பிரதியை வேறு யாருக்காவது அனுப்பி வையுங்கள்.

மகனை நினைத்துக் கடற்கரையில் விளக்குக் கொளுத்தினேன். விசாரணைக்கு வரச் சொல்லித் தமிழில் ஒருவர் போன் எடுத்தார், பெயரும் சொல்லவில்லை. போகாவிட்டால் என்ன செய்வார்கள் ஐயா? (திருக்கோவில்)

அம்மா, செத்த பிள்ளைக்கு விளக்குக் கொளுத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. முதலில் அதை மனதில் வையுங்கள்.

திரும்பப் போன் வந்தால் “கடிதம் தாருங்கள் தம்பி, வருகிறேன்” என்று சொல்லுங்கள். விசாரணைக்கு ஒருவரை அழைக்க எழுத்தில் கட்டளை கொடுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கடிதம் வந்தால் போகத்தான் வேண்டும், போகாமல் விடுவது உங்களுக்குத்தான் பாதகம். தனியாகப் போக வேண்டாம். 2012இல் வர்த்தமானியில் வந்த விதிகளின்படி சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வந்து உங்களுக்காகப் பேசலாம். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை நிலையத்துக்குப் போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம். உங்களையே குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை.

ஆபத்து எங்கே என்பதையும் மறைக்கக் கூடாது. தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் கொடி, சின்னம், தலைவர் படம் என்று ஏதாவது இருந்தால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் தூக்குவார்கள். இல்லாவிட்டாலும் தூக்கியிருக்கிறார்கள். 2021 மே 18ஆம் திகதி கிரான் கடற்கரையில் நினைவேந்தியதற்காக 10 பேர் அந்தச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அந்தச் சட்டத்தில் பிடிபட்டால் நீதவான் முன் கொண்டுவர 72 மணித்தியாலம் வரை எடுக்கலாம், சாதாரணக் கைதுக்கு அது 24. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் யாரைப் பிடித்தாலும் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே வீட்டுக்காரர் உடனே ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லிவிடுங்கள், அறிவித்தார்களா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் இருக்கிறது. பலர் தவறவிடுவது இதைத்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டு, அங்கே விசாரணை நடந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதாது.

ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மட்டக்களப்பில்தான், 2004 மே 31. உங்கள் வயதுக்காரர் போனுக்கே பயப்படுவதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

கோயில் கணக்கைக் கேட்டதற்கு நிர்வாகம் என் குடும்பத்தின் திருவிழா உபயத்தை நிறுத்திவிட்டது. பேச்சுரிமை மீறல் வழக்குப் போடலாமா? (பாண்டிருப்பு)

அந்த வழியில் முடியாது. அடிப்படை உரிமை மனு அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான். கோயில் நிர்வாகம் அரசு இல்லை. ஆனால் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 102ஆம் பிரிவின்படி, அந்தக் கோயிலில் அக்கறையுள்ள 5 பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தில் கணக்குக் கேட்கலாம். பள்ளிவாசலென்றால் வக்பு சபைக்குப் போக வேண்டும். இந்த இடத்தில் கஷ்டமானது சட்டமில்லை, ஐந்தாவது ஆளைக் கண்டுபிடிப்பதுதான். அரசாங்கத்தை வெளுத்து வாங்குகிற ஊர், கோயில் கணக்கென்று வந்தால் வாயை மூடிக்கொள்கிறது. உபயத்தை விடுங்கள், கணக்கை விடாதீர்கள்.

தகவல் அறியும் விண்ணப்பம் போட்டால் கந்தோரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், பகையாகிவிடும். வேறு வழி உண்டா? (வாகரை)

ஊரில் இல்லாத யாரையாவது போடச் சொல்லுங்கள். எந்தப் பிரசையும் எந்த அலுவலகத்திடமும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. பதிவுத் தபாலில், தமிழில் அனுப்புங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் அடுத்த 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. களுவாஞ்சிகுடி வாசகருக்கும் இதே பதில்தான். “கொந்தராத்து விபரம்” என்று பொதுவாகக் கேட்காமல், வேலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, கொடுப்பனவுச் சீட்டுப் பிரதி என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.