பாலியின் அகுங் எரிமலையை ஒரே நாளில் ஏறி இறங்க முடியுமா?

பாலித் தீவில் இருக்கும் அகுங் எரிமலையை, மேலே கூடாரம் போட்டுத் தங்காமல் ஒரே நாளில் ஏறி இறங்க முடியுமா, மலையேறிப் பெரிய பழக்கம் இல்லாதவர் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். அங்கே போகிற பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் உச்சியைத் தொட முடியுமா என்று மட்டும் யோசித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். விடிய விடிய ஏறிய அதே கால்களால், வெயிலில் அத்தனை உயரமும் இறங்கியாக வேண்டும். அகுங்கில் ஆட்கள் திணறுவது இறக்கத்தில்தான்.

மலை 3,000 மீட்டருக்குச் சற்று மேல். முக்கியமான வழிகள் இரண்டு. தெற்குச் சரிவில் பாசார் அகுங் கோயில் வரை வண்டி போகும். அதுவே சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏற வேண்டியது குறைவு. எரிமலை வாயின் விளிம்புக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் பாதை தொடக்கத்திலிருந்தே செங்குத்து. இன்னொன்று தென்மேற்கே பெசாகி கோயிலிலிருந்து போவது. சுமார் 1,000 மீட்டரில் தொடங்கி உண்மையான உச்சிவரை போகும் வழி இது. ஏற ஆறேழு மணி நேரம், இறங்க நான்கைந்து மணி நேரம் ஆகும். முதல் தடவை போகிறவர் பாசார் அகுங் வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பேன். நான் போனது பெசாகி வழி. கீழே எழுதியிருப்பது அங்கே பார்த்தது.

இரவு பத்து பதினொரு மணிக்கே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். சூரிய உதயம் மட்டும் காரணமில்லை. காலை ஒன்பது பத்து மணிக்குள் மேகம் ஏறி உச்சியை மூடிவிடும். மேகம் வராத நாளில் மரமே இல்லாத பாறையில் வெயில் நேராக இறங்கும். இரண்டுக்கும் முன்னால் மேலிருந்து கிளம்பிவிட வேண்டும்.

புறப்படும் முன் எங்கள் வழிகாட்டி கோயில் வாசலில் உட்கார்ந்து பூசை செய்தார். தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டு, அதில் பூக்கள், கொஞ்சம் சோறு, ஒரு ஊதுவத்தி. பாலி மக்களுக்கு அகுங் மகாமேருவின் ஒரு துண்டு. வீட்டில் படுக்கும்போது தலையை மலைப் பக்கம் வைத்துப் படுப்பவர்கள் அவர்கள். அவர் கும்பிட்டு முடிக்கும்வரை யாரும் கைப்பேசியைக்கூட எடுக்கவில்லை. அப்புறம்தான் காட்டுக்குள் நுழைந்தோம்.

முதல் மூன்று மணி நேரம் காடு. இருட்டில் தெரிவது தலைவிளக்கின் வெளிச்சமும் முன்னால் போகிறவரின் குதிகாலும் மட்டும்தான். ஈர மண், குறுக்கே கிடக்கும் வேர்கள், வெப்பமண்டலக் காட்டுக்கே உரிய புழுக்கம். சட்டை தொப்பலாக நனைந்துவிடும். காட்டை விட்டு வெளியே வந்ததும் காற்று அடிக்கும். அந்த ஈரச் சட்டையோடு நின்றால் பத்தே நிமிடத்தில் பல் கிட்டிப்போகும். மரங்கள் முடியும் இடத்திலேயே காய்ந்த சட்டைக்கு மாறிவிடுங்கள். உச்சியில் விடியற்காலை 5 டிகிரி அளவுக்குக் குளிர் இறங்குவது உண்டு. பாலிதானே என்று அரைக்கால் சட்டையோடு வந்தவர்களை வழிகாட்டிகள் தங்கள் போர்வையைக் கொடுத்துத் தேற்றுவதை அங்கே பார்க்கலாம்.

மேலே பாதை என்று ஒன்று கிடையாது. இறுகிப்போன எரிமலைக் குழம்புப் பாறை, அதன் மேல் தளர்ந்த கல்லும் சாம்பல் மணலும். ஒரு அடி எடுத்து வைத்தால் அரை அடி பின்னால் சறுக்கும். சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். அந்தக் கல்லை விரலால் தொட்டுப் பாருங்கள், உடைந்த செங்கல்லின் முனைபோல் அறுக்கும். தோட்ட வேலைக்குப் போடும் சாதாரணக் கையுறை போதும், ஆனால் அது இல்லாமல் போகாதீர்கள். இந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. தலைவலியோ குமட்டலோ வந்து, உட்கார்ந்தும் அடங்கவில்லை என்றால் இறங்கிவிடுவதுதான் மருந்து.

உச்சிக்கு முன்னால் ஒரு குறுகலான முகடு வரும். இரண்டு பக்கமும் சரிவு. அங்கே எங்கள் வழிகாட்டி மெதுவாகப் போங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒவ்வொருவரையும் தானே பார்த்துக் கடத்தினார். அவரை ‘ப்ளி’ என்றுதான் கூப்பிட்டோம், நம் அண்ணன் போல. விடிந்ததும் கிழக்கே லொம்போக் தீவின் ரிஞ்ஜானி எரிமலை கடலுக்கு அப்பால் எழுந்து நிற்கும். மேற்கே திரும்பினால் அகுங்கின் நிழல் கச்சிதமான முக்கோணமாகத் தீவின் மேல் விழுந்து கிடக்கும். வந்ததற்கு அந்த ஒரு காட்சி போதும்.

சரி, இறக்கம். தளர்ந்த மணலில் குதிகாலை அழுத்தி ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி இறங்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் தொடைகள் நடுங்கத் தொடங்கும். காலணியின் முனையில் பெருவிரல் இடித்து இடித்து நகம் கறுத்துப்போகும். போவதற்கு முன்பே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும், இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்து போய், அதில் ஒரு லிட்டரை இறக்கத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். பயிற்சியும் இதற்குத்தான். இரண்டு மாதம் முதுகில் எட்டுக் கிலோ பையோடு மாடிப்படி ஏறுங்கள், அதைவிட முக்கியமாக, லிஃப்ட் எடுக்காமல் படியிலேயே இறங்குங்கள். சமதளத்தில் ஓடிப் பழகிய கால் இறக்கத்துக்கு உதவாது.

இதுவரை சொன்னது மலையைப் பற்றி. அது எரிமலை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1963 பிப்ரவரியில் அகுங் வெடிக்கத் தொடங்கியது. மார்ச் 17 அன்று பெரும் வெடிப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெசாகியில் நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஏகாதச ருத்ர வழிபாடு நடந்துகொண்டிருந்த சமயம் அது. எரிமலைக் குழம்பு மிக அருகில் வந்தும் கோயில் தப்பியது. அந்த வெடிப்பு மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்கு வளிமண்டலம்வரை ஏற்றிய கந்தகம் உலகத்தின் வெப்பநிலையையே சற்றுக் குறைத்தது.

2017இல் நடந்ததுதான் நமக்கு நல்ல பாடம். செப்டம்பரில் தினமும் நூற்றுக்கணக்கான நிலநடுக்கங்கள். 22ஆம் தேதி எச்சரிக்கையை உச்ச நிலைக்கு உயர்த்தினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். ஆனால் எதுவும் வெடிக்கவில்லை. அக்டோபர் கடைசியில் எச்சரிக்கையை ஒரு படி இறக்கினார்கள். நவம்பர் 21 அன்று வெடித்தது. சில நாட்களில் சாம்பலால் விமான நிலையமே மூடப்பட்டது. அறிவியலாளர்கள் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்த மலையிலேயே நாள் குறித்துச் சொல்ல முடியவில்லை.

இந்தோனேசியாவின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொரு மலைக்கும் நான்கு நிலைகளில் ஒன்றை அறிவிக்கிறது. கீழிருந்து மேலாக: நார்மல், வாஸ்படா, சியாகா, ஆவாஸ். ‘மாக்மா இந்தோனேசியா’ என்ற அவர்களுடைய இணையதளத்தில் போகிற நாள் காலையிலும் பாருங்கள். நார்மல் இல்லை என்றால் போகாதீர்கள். ‘வாஸ்படா என்றால் சும்மா எச்சரிக்கைதான், நான் கூட்டிப் போகிறேன்’ என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். 2023 டிசம்பர் 3 அன்று மேற்கு சுமத்ராவின் மாராபி வெடித்து மலையேற வந்தவர்களில் 24 பேர் இறந்தபோது அந்த மலை இருந்தது அதே வாஸ்படா நிலையில்தான். எரிமலை வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்று அறிவுரையும் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவே இல்லை. பலர் கல்லூரிப் பிள்ளைகள்.

மேலே போனாலும் வாயின் விளிம்பில் வேலை இல்லாமல் உட்காராதீர்கள். எரிமலை வாயுக்கள் சில காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில் தேங்கும். தொண்டை கரகரத்தால் காற்று வரும் பக்கமாக உடனே நகருங்கள். குழிக்குள் இறங்கிப் படமெடுக்கும் எண்ணமே வேண்டாம்.

ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை உலர்ந்த பருவம், அதிலும் ஜூன் முதல் செப்டம்பர்வரை நல்லது. மழைக்காலத்தில் அந்த மணல் சரிவு ஆபத்து. பெசாகியில் பெரிய திருவிழா நடக்கும் நாட்களில் மலையேற விடமாட்டார்கள், அதனால் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் உள்ளூர் வழிகாட்டியிடம் தேதியைக் கேளுங்கள். வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. மாட்டிறைச்சி எடுத்துப் போகக் கூடாது. மாதவிடாய் நாட்களில் பெண்கள் கோயிலுக்குள் வருவதை அங்கே அனுமதிப்பதில்லை. 2023இல் உச்சியில் கால்சட்டையை அவிழ்த்துப் படமெடுத்த வெளிநாட்டுக்காரரை நாடு கடத்தினார்கள். மலையேற்றத்தையே தடை செய்வதாக அன்றைய ஆளுநர் அறிவிக்கும் அளவுக்கு அந்த ஊர் மனம் நொந்திருந்தது. கோயில்மலைக்குப் போகிற நினைப்போடு போனால் இதெல்லாம் பாரமாகத் தெரியாது.

கடைசியாக ஒன்று. வாடகை ஸ்கூட்டரில் மலையடிவாரம் வரை போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இரவு முழுக்கத் தூங்காமல் பன்னிரண்டு மணி நேரம் நடந்தவர் அந்த வளைவுச் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது. காரும் ஓட்டுநரும் முன்கூட்டியே பேசி வையுங்கள், ஊருக்குத் திரும்பும் விமானத்தை மறுநாளுக்குப் போடுங்கள்.