ஐந்து பேர் ப்ராஜெக்ட், வேலை செய்வது நான் மட்டும்!

கேள்வி: பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகவே தண்ணீர் பாய்ச்சும் கருவிதான் எங்கள் ஐந்து பேரின் ப்ராஜெக்ட். மற்ற நால்வரும் நன்றாகப் படிக்கிற தோழிகள். ஆனாலும் ப்ராஜெக்ட் என்றால் யாரும் அசைவதில்லை. முதல் ரிவியூவுக்கு எல்லாவற்றையும் நானே செய்தேன். அடுத்த ரிவியூவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கைடிடம் சொன்னால் நட்பு முறிந்துவிடுமோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் தோழிகளைச் சோம்பேறிகள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிரான்ஸில் ரிங்கல்மன் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். 1913இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவர் பங்கும் தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். தேர் வடம் பிடிப்பவர்கள் குரல் கொடுத்து இழுப்பதுபோல எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததும் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமல்ல. 1979இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், இன்னும் ஐந்து பேர் தங்களோடு கத்துகிறார்கள் என்று நம்பியவர்கள், உண்மையில் தனியாகவே கத்தியபோதும், வழக்கமான சத்தத்தில் முக்கால் பங்குதான் எழுப்பினார்கள். 1981இல் வெளியான இன்னொரு சோதனையில், ஒவ்வொருவர் சத்தமும் தனித்தனியே பதிவாகும் என்று சொன்னதும் அந்தக் குறைவு மறைந்துபோனது.

உங்களுக்கு வேண்டிய வழி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. யார் செய்தது என்று தெரியாத வேலையில் கை தளரும்.

இந்த வாரமே ஐவரும் நேரில் உட்காருங்கள். சென்சார், மோட்டாரும் அதைப் போட்டு நிறுத்தும் ரிலேயும், கோடிங், மொபைல் ஆப், தொட்டியில் வைத்துச் சோதிப்பது என ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர் போடுங்கள். ரிப்போர்ட்டைத் தனி வேலையாக ஒருவருக்குக் கொடுக்காதீர்கள். அவரவர் பகுதியின் அத்தியாயத்தை அவரவரே எழுதட்டும். "சென்சாரைப் பார்த்துக்கொள்" என்றால் நடக்காது. "காய்ந்த மண், ஈர மண், ஊறிய மண், மூன்றிலும் பத்துப் பத்து அளவீடு, வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணையாக" என்றால் நடக்கும். அந்த அட்டவணை வராமல், மோட்டாரை எந்த அளவில் போடுவது என்று கோடிங் செய்பவரால் எழுத முடியாது. தன் வேலைக்காக இன்னொருத்தி காத்திருக்கிறாள் என்று தெரிந்தால் தள்ளிப்போட மனம் வராது. வாட்ஸாப் குழுவில் "யாராவது பாருங்களேன்" என்று போடுவதையும் நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இனி உங்கள் பக்கம். கோட் முழுவதும் உங்கள் லேப்டாப்பில் மட்டும்தானே இருக்கிறது? அவர்கள் கொடுத்ததைச் சொல்லாமல் திருத்தி எழுதியிருக்கிறீர்களா? அப்படியென்றால், தங்கள் வேலை தேவைப்படவில்லை என்று அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். எல்லாவற்றையும் பொதுவான டிரைவில் போடுங்கள். பிழை இருந்தால் எந்த இடம் என்று குறித்து, எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஒருத்தி செய்யவில்லை என்றாலும் அந்த இடத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். இது உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கும், தெரியும். ஆனால் நீங்கள் இரவெல்லாம் விழித்து முடித்துவிட்டால், மூன்றாவது ரிவியூவுக்கும் அதையேதான் எதிர்பார்ப்பார்கள். அவள் செய்யாமல் தப்புவதைப் பார்க்கும் மற்றவர்களும் "நான் மட்டும் எதற்கு?" என்று கையைக் கட்டிக்கொள்வார்கள்.

கைடிடம் போவதைக் கோள் சொல்வதாக நினைக்க வேண்டாம். யாரைப் பற்றியும் புகார் சொல்லாமல், ஐவரும் சேர்ந்தே போய், "அடுத்த ரிவியூவில் அவரவர் பகுதியை அவரவரே விளக்குகிறோம் சார், கேள்வியும் தனித்தனியாகக் கேளுங்கள்" என்று பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள். ரிவியூவுக்கு முந்தைய நாள் சொன்னால் அது புகாராகிவிடும். இந்த வாரமே சொன்னால் வெறும் ஏற்பாடு.

அதன் பிறகும் ஒருத்தி அசையவில்லை என்றால் குழுவில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். கோடிங் வராததைச் சொல்லக் கூச்சப்படுகிறாளோ என்னவோ. அப்படியானால், சோதித்து அளவெடுக்கும் பகுதியோடு அவளுடையதை மாற்றிக்கொடுங்கள். முதல் வாரத்திலேயே மாற்றிவிட்டால் அதை முடிக்க அவளுக்கு இரண்டு வாரம் கிடைக்கும்.